கைதியே எப்படி அரசாங்கக் கட்டடக் கலைஞர் ஆனார்?

ஊர்சுற்றி:
சிட்னியில் ஹைட் பார்க் பாரக்ஸ் பார்த்தேன். கைதிகள் படுத்த இடமாம், மாடியில் வரிசையாகத் தூளி மாதிரி படுக்கைகள் தொங்குகின்றன. அதை வடிவமைத்தவரே ஒரு கைதி என்றார்கள். இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றிவிட்டால் காலில் சங்கிலி, கையில் சம்மட்டி, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். இது எப்படி?

பழையதாள்:
அவர் ஃபிரான்சிஸ் கிரீன்வே. பிரிஸ்டல் பக்கம் கட்டடத் தொழில் செய்து திவாலானவர். ஒரு ஒப்பந்தப் பத்திரத்தில் போலிக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டார், 1812இல் தூக்குத் தண்டனை, அப்புறம் அது 14 வருட நாடுகடத்தலாகக் குறைந்தது. 1814இல் சிட்னியில் இறங்கினார். அங்கே தண்டனை என்றால் உழைப்புதான், பெரும்பாலானவர்களுக்குச் சிறை அறை கிடையாது. இந்த பாரக்ஸ் 1819இல் திறக்கும் வரை நகரத்தில் வேலை செய்த கைதிகள் தங்க இடத்தைத் தாங்களே தேடிக்கொண்டார்கள், சாயங்காலம் கூலிக்கும் போவார்கள். கவர்னர் மெக்குவாரிக்கோ ஊரைக் கட்டியெழுப்பும் ஆசை, ஆனால் படித்த கட்டடக்காரர் ஆள் இல்லை. 1816இல் கிரீன்வேக்கு அரசாங்கப் பதவி கொடுத்துவிட்டார். முதல் பெரிய வேலை கலங்கரை விளக்கம், அதற்கு நிபந்தனையோடு மன்னிப்பு கிடைத்தது. பாரக்ஸ் முடிந்ததும் முழு மன்னிப்பு.

உப்புக்காற்று:
எல்லாருக்கும் இப்படி யோகம் அடித்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1788 முதல் 1868 வரை சுமார் 1,60,000 பேரை அனுப்பினார்கள், பலர் சில்லறைத் திருட்டுக்காகப் போனவர்கள். கையில் தொழில் இல்லாதவனைப் பண்ணை முதலாளியிடம் ஒப்படைப்பார்கள், முதலாளி நல்லவனாக அமைந்தால் பிழைத்தான். எதிர்த்துப் பேசினால் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி, சாட்டையடி. மறுபடி குற்றம் செய்தவனுக்கு நார்ஃபோக் தீவு, போர்ட் ஆர்தர் மாதிரி கடுமையான தண்டனை முகாம்கள். ஒழுங்காக இருந்தால் தண்டனைக் காலம் முடியுமுன்பே ‘டிக்கெட் ஆஃப் லீவ்’ என்ற சீட்டு கிடைக்கும், அதை வைத்துக்கொண்டு சொந்தமாகச் சம்பாதிக்கலாம், ஆனால் குறிப்பிட்ட வட்டாரத்தை விட்டு நகரக்கூடாது. காலம் முடிந்தால் ஊர் திரும்பத் தடையில்லை, கப்பல் கூலிக்கு எங்கே போவான்?

ஊர்சுற்றி:
அப்படியானால் கிரீன்வே கடைசிக் காலத்தில் வசதியாக இருந்திருப்பாரே?

பழையதாள்:
எங்கே! வாய் கொஞ்சம் நீளம், யாரோடும் ஒத்துப்போக மாட்டார். மெக்குவாரி போனதும் 1822இல் வேலை போயிற்று. 1837இல் வறுமையில் இறந்தார். அந்தக் கலங்கரை விளக்கமும் மட்டமான மணற்கல்லால் கரைந்துகொண்டே வந்ததால், 1883இல் பக்கத்திலேயே அதே மாதிரி புதிதாகக் கட்டினார்கள். இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன், 1966இல் வந்த ஆஸ்திரேலியப் பத்து டாலர் நோட்டில் இவர் படம்தான். போலிக் கையெழுத்துப் போட்டவர் படம் பணத்தாளில்!

ஊர்சுற்றி:
ஹா ஹா, அந்த நோட்டு இப்போது செல்லுமா?

உப்புக்காற்று:
1993இல் பிளாஸ்டிக் நோட்டு வந்ததும் படம் மாறிவிட்டது. ஆனால் சட்டப்படி இன்றும் செல்லும்.