தைராய்டு என்று தெரிவதற்கு முன் வீட்டில் நடந்தது

கடைக்குட்டி:
அப்பாவைப் பற்றித்தான். யாரையும் அதட்டிக்கூடப் பேசாத மனுஷன், போன ஆடியில் ரேஷன் கடையில் பாமாயில் ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க என்றதற்குக் கார்டைத் தூக்கி அந்த ஆள் முகத்திலேயே எறிந்துவிட்டார். நான் போய்க் கூட்டி வந்தேன், வழியெல்லாம் திட்டினேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது. வீட்டில் காபி கொடுத்தால் டபராவில் டம்ளர் கடகடவென்று அடிக்கிறது, அப்படி ஒரு நடுக்கம். கோபத்தில் என்று நினைத்தேன். ஏழு கிலோ இறங்கியது, தூக்கமில்லை, எல்லாவற்றையும் ரிட்டயர்மென்ட் கவலை என்று விட்டுவிட்டோம். படபடப்புக்கு இசிஜி எடுக்கப் போன இடத்தில் ரத்தமும் எடுத்தார்கள், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் வெறும் 0.01, ரொம்பக் குறைவு. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயாம். இப்போது அதைக் குறைக்க கார்பிமசோல் மாத்திரை.

பால்சட்டி:
உங்கள் அப்பாவுக்குக் கோபமாவது வந்தது, எனக்கு எதுவுமே வரவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிகிறது, பக்கத்திலேயே நிற்கிறேன், கை போகவில்லை. மாமியார் ஓடி வந்து அணைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, திட்டியிருந்தால் தேவலை. கத்திரி வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டுப் போர்வையோடு படுத்தவள் நான், அப்போதும் சோம்பேறி என்றுதான் பேர். எனக்குத் தைராய்டு சுரப்பதே குறைவு, டிஎஸ்ஹெச் 68க்கு ஏறியிருக்கிறது என்று வந்த பிறகுதான் வீட்டில் வாயை மூடினார்கள். இது எல்லோருக்கும் தெரிய வேண்டும், அழுகை வந்தால் முதலில் தைராய்டைப் பாருங்கள், மனநல மருத்துவரிடம் அப்புறம் போகலாம்.

மூன்றாம் மாடி:
அந்தக் கடைசி வரி தப்பு. என் அக்காவுக்கு டிஎஸ்ஹெச் 5.8தான் இருந்தது, கொஞ்சம்தான் கூட, எல்லாம் தைராய்டுதான் என்று ஒரு வருஷம் ஓட்டினோம். நம்பர் 2.1க்கு வந்தது, அவள் அப்படியே இருந்தாள். ஒருநாள் ரிப்போர்ட்டை நீட்டி, "நார்மல்னு போட்டிருக்கு, அப்போ நான் ஏன் இப்படி இருக்கேன்?" என்று கேட்டாள். மனச்சோர்வு தனியாக இருந்திருக்கிறது. தைராய்டு டாக்டர், மனநல டாக்டர் இரண்டு பேரையும் சேர்த்தே பாருங்கள், எதற்கு வரிசை?

பால்சட்டி:
போகவே கூடாது என்று நான் எங்கே சொன்னேன்?

காலை ஆறு மணி:
எனக்குப் பிரசவமான மூன்றாம் மாதம் படபடப்பும் எரிச்சலும், ஆறாம் மாதம் அழுகை, இரண்டும் தைராய்டுதான், அதோடு என் கதை சரி. ஆனால் எல்லோரும் மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள்? தைராய்டு குறைவுக்குக் கொடுக்கும் தைராக்ஸினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கு நாலு மணி நேரம் தள்ளுங்கள். டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் டெஸ்ட், பத்தாம் நாளே ஓடாதீர்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், ரிசல்ட்டையே குழப்பிவிடும். கடைக்குட்டி, கார்பிமசோல் சாப்பிடும்போது அப்பாவுக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் சாதாரணச் சளி என்று விடாதீர்கள், அன்றே டாக்டரிடம் போய் ரத்தத்தில் வெள்ளணு குறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் தைராய்டு இருந்தால் முட்டைக்கோஸ் சாப்பிடலாமா என்று கேட்பீர்கள், வேகவைத்து அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

கடைக்குட்டி:
யாரும் கேட்கவில்லையே முட்டைக்கோஸை! ஆனாலும் காய்ச்சல் விஷயத்துக்கு நன்றி, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அப்பாவுக்கு இப்போது டம்ளர் ஆடுவதில்லை. ரேஷன் கடைக்கு மட்டும் போவதில்லை. தேதி வந்தால் கார்டை என் ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்.