ஹெச்எஸ்ஆர்பி போட்டாச்சு, லைன் ஏன் மாறலை?

சூரமங்கலம்: ரெண்டு ரூட்டர், ரெண்டு இன்டர்நெட் லைன், ஹெச்எஸ்ஆர்பி (ஒரு ரூட்டர் செத்தா இன்னொண்ணு கேட்வேயா நிக்கிற சிஸ்கோ ஏற்பாடு). இத்தோட வேலை முடிஞ்சதுன்னு விட்ட ஆபீஸ் சேலத்துல நிறைய. ஹெச்எஸ்ஆர்பி, விஆர்ஆர்பி (அதே வேலைக்கான பொது ஸ்டாண்டர்ட்) ரெண்டும் காப்பாத்துறது பிசியோட கேட்வே ஐபியை (வெளியே போக பிசி பிடிக்கிற முகவரி) மட்டும்தான். ரூட்டரைத் தாண்டி எந்த வழியா போறதுங்கிறது வழி தேடுற ஓஎஸ்பிஎஃப் (ஆபீஸ் ரூட்டர்களுக்குள்ள), பிஜிபி (ஐஎஸ்பியோட) பாடு.

அஸ்தம்பட்டி: அதான் லைன் செத்தும் ஆக்டிவ் (இப்போ கேட்வேயா நிக்கிற ரூட்டர்) மாறமாட்டேங்குது. ரோடு தோண்டி ஃபைபர் அறுந்தாலும், மீடியா கன்வெர்ட்டர்ல (ஃபைபரை ஈதர்நெட்டா மாத்துற பெட்டி) இருந்து ரூட்டருக்கு வர்ற ஈதர்நெட் அப்லயே நிக்கும். இன்டர்ஃபேஸ் அப்பா டவுனான்னு டிராக் பண்ணி புண்ணியமில்லை. ஐபி எஸ்எல்ஏல (ரூட்டரே அடிக்கடி டெஸ்ட் பண்ற சிஸ்கோ வசதி) வெளி ஐபி ஒண்ணுக்கு பிங் வச்சு அதை டிராக் பண்ணுங்க. அந்த ஐபிக்கு ஸ்டாட்டிக் ரூட்டும் அதே லைன்ல போடணும். இல்லன்னா பிங் ஓஎஸ்பிஎஃப் பிடிச்சு பக்கத்து ரூட்டர் வழியா சுத்திப்போய், எல்லாம் சரின்னு சொல்லிடும்.

அடுத்தது கணக்கு. ஆக்டிவ் ரூட்டரோட பிரியாரிட்டி (அதிகமா இருக்கிறவனுக்குத்தான் முதலிடம்) 110, காத்திருக்கிற ஸ்டாண்ட்பை ரூட்டருக்கு டீஃபால்ட் 100. டிராக் டவுன் ஆனா டீஃபால்ட்டா குறையறது 10. ஆக 100க்கு 100, சமம், ஸ்டாண்ட்பை பிடுங்காது. டிக்ரிமென்ட் 20 கொடுங்க. ஸ்டாண்ட்பை பக்கம் ப்ரீஎம்ப்ட்டும் (பிரியாரிட்டி அதிகமானா ஆக்டிவைப் பிடுங்குற அனுமதி) போடுங்க. விஆர்ஆர்பில அது தானாவே ஆன். ஹெச்எஸ்ஆர்பில நாமதான் போடணும்.

ஏற்காடு: மலையில அந்த ப்ரீஎம்ப்ட்டே தலைவலி. மழைக்கு மரம் கம்பியில சாஞ்சு கரண்ட் போய்வரும். ரூட்டர் எழுந்ததும் ஆக்டிவைப் பிடுங்கிடும், பிஜிபி அப்போதான் கண்ணைத் திறக்கும். ரூட்டே இல்லாத ரூட்டர் கேட்வேயா உட்கார்ந்து பாக்கெட்டை முழுங்கும். ‘ஸ்டாண்ட்பை 1 ப்ரீஎம்ப்ட் டிலே மினிமம் 60 ரீலோட் 180’ போடுங்க, பிடுங்கறதுக்கு முன்னாடி அத்தனை செகண்ட் காத்திருக்கும். பிஜிபி மெதுவா வந்தா இன்னும் ஏத்துங்க.

சூரமங்கலம்: டைமரும் பாருங்க (ஹலோ அனுப்புற இடைவெளி/எதிராளி செத்துட்டான்னு முடிவு பண்ற நேரம்). ஹெச்எஸ்ஆர்பி 3/10 செகண்ட், ஓஎஸ்பிஎஃப் ஈதர்நெட்ல 10/40, சிஸ்கோல பிஜிபி 60/180. கேட்வேயை மட்டும் மில்லிசெகண்டுக்கு இறக்கிட்டு பிஜிபியை அப்படியே விடறது வெட்டி வேலை. ஐஎஸ்பி ஒத்துக்கிட்டா பிஎஃப்டி (லைன் செத்ததைச் சட்டுன்னு கண்டுபிடிக்கிற வசதி) கேளுங்க.

அஸ்தம்பட்டி: ரெண்டு ரூட்டரும் ‘ஆக்டிவ்’னு காட்டினா ரூட்டரைத் திட்டாதீங்க. பெரும்பாலும் நடுவுல உள்ள சுவிட்ச் டிரங்க்ல (பல விலான் போற லிங்க்) அந்த விலான் (தனியாப் பிரிச்ச நெட்வொர்க்) விட்டுப்போயிருக்கும், இல்ல ஏசிஎல் (பாக்கெட்டை வடிகட்டுற விதி) ரூட்டர்கள் ஒண்ணுக்கொண்ணு அனுப்புற ஹலோவைத் தடுக்கும். ஹெச்எஸ்ஆர்பிக்கு யுடிபி 1985 திறக்கணும். விஆர்ஆர்பிக்கு ஐபி புரோட்டோகால் நம்பர் 112. அதைப் போர்ட்னு நினைச்சு யுடிபி 112 திறந்து வச்சிருக்கிற ஏசிஎல் இன்னும் கண்ணுல படுது.