64 பிள்ளைகள், 11 கம்ப்யூட்டர்: லாகினுக்கு ஒரு வழி சொல்லுங்களேன்

வணக்கம் ஆசிரியர்களே. கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை ஆன்லைன் தேர்வு. லாகின் பொறுப்பு என் தலையில்.

போன முறை நடந்த கூத்தைச் சொல்கிறேன். பயனர் எண் 16 இலக்கம். எக்செலில் அடித்து அச்செடுத்தால் எல்லா எண்ணும் பூஜ்யத்தில் முடிகிறது! எக்செல் எண்ணில் 15 இலக்கம்தான் நிற்கும், அடுத்தது பூஜ்யமாகிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. கட்டத்தை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு அடிக்க வேண்டும். சரி, அது தீர்ந்தது.

பாஸ்வேர்டுதான் தீரவில்லை. ஆங்கில ஓவா, பூஜ்யமா என்று எனக்கே தெரியவில்லை, பிள்ளைகளைச் சொல்லி என்ன? ஒரு பையன் கேப்ஸ் லாக் எரிவதைக் கவனிக்காமல் திரும்பத் திரும்ப அடித்துக் கணக்கே பூட்டிக்கொண்டது. ஒரே பெயர், ஒரே இனிஷியலில் இரண்டு பிள்ளைகள்; ஒருத்தி மற்றவளுடைய லாகினில் பாதித் தேர்வு எழுதிவிட்டாள். அன்றைக்குப் பார்த்து மழை வேறு, கரண்டும் போனது. நம்ம ஊர் மழைதான் தெரியுமே, இரண்டு பருவத்திலும் விடாது.

சீட்டு வெட்டிக் கொடுத்தால் தொலைக்கிறார்கள். பலகையில் எழுதினால் அடுத்தவன் லாகினில் நுழைகிறார்கள். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்? தேர்வு முடிந்ததும் சீட்டைத் திரும்ப வாங்கிவிடுவீர்களா?

இன்னொன்று, ஒரு அணி எழுந்துபோகும்போது லாக்அவுட் செய்யாமலே போய்விடுகிறது. பிரவுசரில் இன்காக்னிட்டோ ஜன்னல் (மூடியதும் லாகினை மறந்துவிடும் ஜன்னல்) திறந்து கொடுத்தால் போதுமா? செய்து பார்த்தவர்கள் வியாழனுக்குள் சொன்னால் நல்லது.