வெயில் இருந்தால்தான் ஆட முடியும்: பொக்டாய் 2 ஆடிய அனுபவங்கள்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பரணில் பழைய சாமான் ஒழிக்கும்போது பொக்டாய் 2 என்கிற வீடியோ கேமின் கார்ட்ரிட்ஜ், அதாவது கருவியில் செருகி ஆடுகிற சின்ன வில்லை, கைக்கு வந்தது. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். கையில் பிடித்து ஆடுகிற கேம் பாய் அட்வான்ஸ் என்ற கருவிக்காக கொனாமி என்கிற ஜப்பான் நிறுவனம் 2003-இல் பொக்டாய் என்று ஒரு கேம் வெளியிட்டது, தயாரிப்பு ஹிடியோ கோஜிமா. 2004-இல் அதன் இரண்டாம் பாகம் வந்தது. ஜாங்கோ என்கிற பையன் வெயிலின் பலத்தால் ரத்தக்காட்டேரிகளை ஒழிப்பதுதான் கதை. அந்த வெயில் கேமுக்குள் வரையப்பட்ட வெயில் இல்லை, நம் தலைக்கு மேலே காய்கிற அதே வெயில். கார்ட்ரிட்ஜின் ஒரு பகுதி செருகிய பிறகும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், அதில் வெளிச்சத்தை அளக்கிற சென்சார் இருக்கிறது. அதன் மேல் வெயில் பட்டால் திரையில் கட்டம் கட்டமாக ஏறும், ஜாங்கோவுக்கு சக்தி கூடும். நீங்கள் நிழலுக்குப் போனால் அவனும் சோர்ந்துவிடுவான்.

பாரிஸில் இருக்கிற சித்தப்பா ஊருக்கு வந்தபோது அட்வான்ஸ் எஸ்பியோடு (அதே கருவியின் மடக்கு மாடல்) சேர்த்து இதையும் கொண்டுவந்து கொடுத்தார். முதல் நாள் ராத்திரி ட்யூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், ஒரு கட்டம் கூட அசையவில்லை. அப்போதுதான் விளங்கியது, இது வீட்டுக்குள் உட்கார்ந்து ஆடுகிற சமாச்சாரம் இல்லை.

அடுத்த நாள் விடியற்காலையில் எழுந்து பீச்சுக்குப் போனேன். நம் ஊரில் சூரியன் கடலிலிருந்துதானே எழும்புகிறது, அதைவிட நல்ல இடம் எது என்று நினைத்தேன். காந்தி சிலைக்குப் பக்கத்தில் கருங்கல் மேல் உட்கார்ந்து பார்த்தால், கடல் முழுக்கத் தகதகவென்று மின்னுகிறது, கண் கூசுகிறது, ஆனால் திரையில் ஒன்றிரண்டு கட்டத்துக்கு மேல் ஏறவே இல்லை. கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் இளவெயில் அதற்குப் போதாது. ஒன்பதரை, பத்து மணி ஆக வேண்டும்.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அம்மாவுக்கும் வெயில் வேண்டும். சித்திரை மாதம், கூழ் வற்றல் போடுகிற காலம். ஐந்து மணிக்கே கூழ் கிண்டி, பழைய வேட்டியை விரித்து நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, முறுக்கு அச்சில் வரிசையாகப் பிழிந்துவிடுவார். காக்கா விரட்ட ஆள் வேண்டுமே! அதுவரைக்கும் அந்த வேலையிலிருந்து தப்பித்து ஓடியவன் நான், அந்த வருஷம் நானாகவே போய் உட்கார்ந்தேன். தலையில் ஈரத் துண்டு, பக்கத்தில் ஒரு சொம்பு மோர், ஒரு கையில் குச்சி. குனிந்து உட்கார்ந்தால் என் நிழலே சென்சார் மேல் விழுந்து கட்டம் இறங்கிவிடும். அதனால் வேட்டியைச் சுற்றிச் சூரியன் நகர நகர நானும் திரும்பித் திரும்பி உட்காருவேன். எந்த மணிக்குத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழும் என்று அப்போது எனக்கு மனப்பாடம். எதிர்வீட்டு மாடியிலிருந்து என்னைப் பார்த்த பாட்டி, பையன் சூரிய நமஸ்காரம் செய்கிறான் என்றே அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

முதல் பாகத்தில் ஜாங்கோவிடம் இருந்த சூரியத் துப்பாக்கி இதில் ஆரம்பத்திலேயே கைவிட்டுப் போய்விடும். வாள், ஈட்டி, சுத்தியல் வைத்துத்தான் சண்டை. அதனால் வெயில் இல்லாவிட்டாலும் ஓரளவு சமாளிக்கலாம். இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு, எனக்கு அது நல்ல மாற்றம்தான். நடுவில் அவனுக்குள்ளேயே இருட்டு புகுந்து இன்னொரு உருவமும் வந்துவிடும், அந்த உருவத்தில் இருக்கும்போது வெயில் பட்டால் உயிர் குறையும். இத்தனை நாள் வெயிலைத் தேடிப் போனவன் தொட்டி நிழலுக்குள் ஒதுங்கி உட்கார்ந்து ஆடினேன். ஒரே சென்சாரை இப்படித் திருப்பிப் போட்ட யோசனையை இன்றைக்கும் வியந்துதான் பார்க்கிறேன்.

ஆனால் காட்டேரித் தலைவனை அடித்துச் சாய்த்தால் மட்டும் கதை முடியாது. அவனைச் சவப்பெட்டியில் அடைத்துச் சங்கிலி போட்டு வெளியே இழுத்துவர வேண்டும். பெட்டி உள்ளிருந்து குலுங்கும், நம்மைப் பின்னால் இழுக்கும். வெளியே கொண்டுவந்து வைத்து, நிஜ வெயிலைக் குவித்து எரித்தால்தான் அழிவான். எனக்கு இது ஐப்பசியில் வந்து மாட்டியது. நம் ஊர் அடைமழைதான் தெரியுமே. பெட்டியை இழுத்துவந்து சேர்த்துவிட்டேன், ஆறு நாள் வானம் திறக்கவில்லை. ஏழாம் நாள் பள்ளி விடுமுறை, பதினொரு மணி வாக்கில் ஜன்னல் கம்பியில் வெளிச்சம் விழுந்தது. பாசி பிடித்த படிக்கட்டில் வெறுங்காலோடு ஓடினேன். பாதி எரிந்திருக்கும், மேகம் மூடிவிட்டது, காட்டேரி என்னை அடித்துப் போட்டான். மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடி வெயில் வந்தது. சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன், அம்மா கூப்பிடக் கூப்பிட. அந்த முறை முடித்துவிட்டேன். கை நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வேறு யாராவது நம் பக்கம் இதை ஆடியிருக்கிறீர்களா?

மஞ்சக்குப்பம், கடலூர்

நான் ஆடியிருக்கிறேன் அண்ணா! நம் பக்கத்தில் இன்னொருவர் இருப்பார் என்று நினைக்கவே இல்லை.

என்னிடம் இருந்தது பழைய மாடல் அட்வான்ஸ், இரண்டு பென்சில் பேட்டரி போட்டு ஆடுவது. திரைக்குள் விளக்கே கிடையாது, வெளிச்சத்தில் பிடித்தால்தான் படமே தெரியும், அதனால் இந்த கேமுக்கு அதைவிடப் பொருத்தமானது வேறு இல்லை என்று சொல்வேன்.

என் அனுபவம் கொஞ்சம் வேறு மாதிரி. 2011 டிசம்பர் விடுமுறைக்குப் பண்ருட்டி பக்கம் தாத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். பின்கட்டில் பெரிய பலா மரம், அதன் நிழல் தோட்டம் முழுக்க. அங்கே எந்த நேரத்தில் உட்கார்ந்தாலும் பாதிக் கட்டம்தான் ஏறும், வெயில் வேண்டுமென்றால் தெருவுக்கு வர வேண்டும். இந்த மரத்துக்கு என் கேம் பிடிக்கவில்லை தாத்தா என்று சொல்லிக்கொண்டே இருப்பேன், அவர் சிரிப்பார்.

30-ஆம் தேதி விடியற்காலை தானே புயல் கரையைக் கடந்தது. ராத்திரி முழுக்க ஒருவரும் தூங்கவில்லை. ஓடு பறக்கிற சத்தம், நடுவில் ஒரு தடவை தரையே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். விடிந்து கதவைத் திறந்தால் பலா மரம் வேரோடு சாய்ந்து கிணற்று மேடையில் கிடக்கிறது. பக்கத்து முந்திரித் தோப்பில் நிற்கிற மரம் என்று ஒன்றைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது. மழை விட்டு வெயில் வந்ததும் பையில் இருந்த கேமை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன், வேறு என்ன செய்வதென்று தெரியாத வயது. மரம் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தேன். கட்டம் கடைசி வரைக்கும் ஏறி நின்றது. அந்தத் தோட்டத்தில் அதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. தாத்தா சாய்ந்த மரத்தின் மேல் உட்கார்ந்து பட்டையைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, “என்னடா, வெயில் போதுமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை, மூடி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் அந்த கேமை முடிக்கவே இல்லை அண்ணா.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அந்தப் புயலில் எங்கள் தெரு வேம்பும் போனது.

உன் கார்ட்ரிட்ஜ் இருக்கிறதா? இருந்தால் உள்ளே கடிகாரத்துக்கென்று ஒரு சின்ன பேட்டரி உண்டு, இத்தனை வருஷத்தில் அது தீர்ந்திருக்கும், கடிகாரம் நின்றுபோயிருக்கும். எனக்கும் அப்படித்தான் ஆனது. செல்போன் பழுது பார்க்கிற ஒருவரிடம் கொடுத்துப் பழையதைப் பிரித்துப் புதிதாகச் சால்டர் வைத்துக்கொண்டேன். பழைய கருவி இல்லாமலே கம்ப்யூட்டரில் கேமை ஓட்டுகிற எமுலேட்டரில் போட்டு, பட்டனைத் தட்டி வெயிலை ஏற்றி ஆடலாம் என்கிறார்கள். நானும் ஆடிப் பார்த்தேன், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முழு வெயில் வைத்துக்கொண்டு சவப்பெட்டியை எரித்தேன், ஐந்து நிமிஷத்தில் அணைத்துவிட்டேன். அது வேறு கேம்.

எடுத்துக்கொண்டு வா, மாடி இருக்கிறது, அம்மா இப்போதும் வற்றல் போடுகிறார். பத்து மணிக்கு மேல் வா, தொட்டி நிழல் அப்போதுதான் விலகும்.