பொருள்: காங்கோ 1960 – 'ஃபோர்மத்தூர்', 'ஆன்ஃபோர்மத்தூர்' இரண்டுக்கும் தமிழ்

வணக்கம்.

பெல்ஜியக் காலனியாயிருந்த காங்கோவின் முதல் அமைச்சரவை பற்றிய கட்டுரையில் ஒரு வாக்கியம் இப்படி நிற்கிறது:

"1960 ஜூன் 13 அன்று லுமும்பா ஆட்சியமைக்க அழைக்கப்பட்டார். 17 அன்று கசவுபு ஆட்சியமைக்க அழைக்கப்பட்டார். 21 அன்று மீண்டும் லுமும்பா ஆட்சியமைக்க அழைக்கப்பட்டார்."

எட்டு நாளில் பிரதமர் மூன்று முறை மாறினார் என்றுதான் படிப்பவர் நினைப்பார். பிரெஞ்சு மூலத்தில் முதல் அழைப்பு ஆன்ஃபோர்மத்தூர், அடுத்த இரண்டும் ஃபோர்மத்தூர். 'ஆய்வாளர்', 'அமைப்பாளர்' என்று போட்டுப் பார்த்தாயிற்று. ஒட்டவில்லை. வேறு சொல் உண்டா?

———

> 'ஆய்வாளர்', 'அமைப்பாளர்' என்று போட்டுப் பார்த்தாயிற்று

ஆய்வாளர் என்றால் காவல் நிலையம் நினைவுக்கு வரும். அமைப்பாளர் கட்சிப் பதவி. மாவட்ட அமைப்பாளர், தொகுதி அமைப்பாளர் என்று தெருவெல்லாம் பதாகை. இரண்டையும் விட்டுவிடலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் 'அழைக்கப்பட்டார்' என்பதில் இருக்கிறது. நம் செய்தித்தாள் தமிழில் அழைப்பு வந்தால் அடுத்தது பதவியேற்பு. பெரும்பான்மையை அப்புறம் அவையில் காட்டிக்கொள்ளலாம். பெல்ஜிய வழக்கு வேறு. முதலில் ஒருவர் போய்க் கட்சிகளின் நாடி பார்த்து, யார் யாரோடு சேர்வார்கள் என்று அரசரிடம் சொல்ல வேண்டும். இவர் ஆன்ஃபோர்மத்தூர். அதன்பின் ஒருவர் துறைகளைப் பங்கிட்டு, பெயர்ப் பட்டியல் போட்டு, அவையில் தேறுகிற அமைச்சரவையைக் கட்ட வேண்டும். இவர் ஃபோர்மத்தூர். இருவரில் யாருக்கும் பதவிப் பிரமாணம் கிடையாது. முடியாவிட்டால் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

1960 மே 19இன் அடிப்படைச் சட்டம் (காங்கோவின் தற்காலிக அரசியலமைப்பு) இந்த வழக்கத்தை அப்படியே காங்கோவுக்குக் கொண்டுபோனது. மே தேர்தலில் கீழவையின் 137 இடங்களில் லுமும்பா கட்சிக்குக் கிடைத்தவை 33. முதலிடம்தான், ஆனால் பெரும்பான்மைக்கு 69 வேண்டும். பெல்ஜிய அமைச்சர் கான்ஸ்ஹோஃப் வான் டெர் மேர்ஷ், தேசிய ஒற்றுமை அரசு சாத்தியமா என்று பார்த்துச் சொல்லும் வேலையை மட்டும் லுமும்பாவிடம் கொடுத்தார். அரசை அமைக்கும் வேலை 17ஆம் தேதி அவருடைய போட்டியாளர் கசவுபு கைக்குப் போனது. 21ஆம் தேதி கீழவைத் தலைவர் தேர்தலில் லுமும்பா பக்கத்துக் கசோங்கோவுக்கு 74 வாக்கு, எதிரணியின் பொலிகாங்கோவுக்கு 58. எண்ணிக்கை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. பொறுப்பு அன்றே லுமும்பாவிடம் வந்தது. 'அழைக்கப்பட்டார்' என்று மூன்று முறை எழுதினால் இந்த இழுபறி முழுவதும் மறைந்துபோகும்.

என் பரிந்துரை: ஆன்ஃபோர்மத்தூர் = உசாவுநர். ஃபோர்மத்தூர் = ஆக்குநர். உசாவுதல் என்றால் விசாரித்தலும் கலந்து பேசுதலும். இந்த வேலையில் இரண்டும் உண்டு. இலங்கைத் தமிழில் 'உசாத்துணை' புழக்கத்தில் இருப்பதால் அந்நியமாகவும் தோன்றாது.

———

ஆக்குநர் என்றால் சோறாக்குபவர் போல இருக்கிறதே! 'அமைக்குநர்' ஆகாதா? இல்லாவிட்டால் 'நியமனப் பிரதமர்' என்று விளங்குகிற மாதிரி எழுதிவிடலாமே.

———

அமைக்குநர் இலக்கணப்படி நிற்காது. இயக்கு, ஓட்டு, அனுப்பு என்ற வினைகளோடு நர் சேர்ந்து இயக்குநர், ஓட்டுநர், அனுப்புநர் வந்தன. 'அமைக்கு' என்று ஒரு வினையே இல்லை. ஆக்கு உண்டு. சமையல் வாடை அடித்தால் முதலிடத்தில் 'அமைச்சரவை ஆக்குநர்' என்று முழுசாக எழுதுங்கள், பிறகு சுருக்கிக்கொள்ளலாம். உருவாக்குநரை மென்பொருள்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கூட்டுநர் கூட்டம் கூட்டுபவர்.

'நியமனப் பிரதமர்' கூடவே கூடாது. டச்சுக்காரர்கள் வழியே இதே சொல் இந்தோனேசியாவுக்கும் போயிருக்கிறது, அங்கே ஃபோர்மாத்தூர். 1951இல் நாட்சிர் அமைச்சரவை விழுந்தபின் சார்தோனோ ஆக்குநராகி, முடியாமல் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்து சுகிமன், சிடிக் என இருவர் சேர்ந்து ஆக்குநர். பிரதமரானவர் சுகிமன் மட்டும். 1953இல் கடைசியாக அமைச்சரவையைக் கட்டி முடித்தவர் வோங்சோநெகோரோ, பிரதமரானவர் அலி சாஸ்த்ரோஅமிஜோயோ. கட்டியவருக்குத் துணைப் பிரதமர் பதவி. நியமனப் பிரதமர் என்று யாரை எழுதுவீர்கள்?

———

1953 கணக்கைத் தீர்த்துவிட்டது. உசாவுநர், ஆக்குநர் இரண்டுக்கும் என் வாக்கு. கூடவே வரும் வினைகளையும் இப்போதே முடிவு செய்துகொள்வோம். 'பதவியேற்றார்', 'ராஜினாமா செய்தார்' இரண்டும் இவர்களுக்குப் பொருந்தாது. பொறுப்பளிக்கப்பட்டார், பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தார். பதவி என்ற சொல் நம்பிக்கை வாக்குக்குப் பிறகுதான் வரலாம். கீழவையில் ஜூன் 23–24 இரவு நடந்த அந்த வாக்கெடுப்பைக் கட்டுரை 'பெரும் ஆதரவு' என்கிறது. ஆதரவு 74, எதிர்ப்பு 5, நடுநிலை 1, வராதவர் 57. தேவைக்கு ஐந்தே பேர் அதிகம்! 'வராதவர்' எண்ணிக்கையை விடாமல் எழுதுங்கள்.

கட்டுரையின் பின்பகுதியில் இன்னொரு சொல் இடறும். செப்டம்பர் 5 மாலை, குடியரசுத் தலைவராகியிருந்த கசவுபு வானொலியில் பிரதமர் லுமும்பாவை நீக்கினார். அடிப்படைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, பிரதமரை நியமிக்கவும் நீக்கவும் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அவர் போடும் ஆணையில் ஓர் அமைச்சரும் கையெழுத்திட வேண்டும். அதைக் கட்டுரை 'இணைக் கையெழுத்து' என்கிறது. அலுவலகத் தமிழில் மேலொப்பம் இருக்கிறது, அதையே வைக்கலாம். மேலொப்பமிட்ட பொம்போகோ, டெல்வோ இருவருமே லுமும்பாவின் அமைச்சர்கள். கூட்டணி எங்கே விரிசல் விட்டது என்பதை இந்தச் சொல் ஒன்றே காட்டிவிடும், அடிக்குறிப்பு வேண்டாம்.

செப்டம்பர் 7 அன்று கீழவை 60க்கு 19 என்று அந்த நீக்கத்தை ரத்து செய்தது. லுமும்பா பதிலுக்குக் கசவுபுவை நீக்கியதையும் அதே வாக்கெடுப்பில் ரத்து செய்தது. 14ஆம் தேதி ராணுவத் தலைமை அதிகாரி மொபுட்டு இருவரையும் ஓரங்கட்டினார். இடையில் கசவுபு பொறுப்பளித்த இலேயோவை என்ன சொல்வது? பட்டியல் போட்டார், நாடாளுமன்றத்தின் நம்பிக்கை வாக்கு கிடைக்கவில்லை. நம் கணக்குப்படி அவர் அந்த மாதம் முழுவதும் ஆக்குநர்தான். கட்டுரையில் 'பிரதமர் இலேயோ' நான்கு இடத்தில் வருகிறது. நான்கையும் மாற்றுவதா, 'கசவுபு நியமித்த பிரதமர்' என்று விடுவதா? மாற்றலாம் என்பது என் எண்ணம்.