பிரான்சிலிருந்து வந்த சிப்பாய்க் கடிதங்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி: பொருநை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். முதல் உலகப் போரில் பிரான்சுப் போர்முனைக்கு அனுப்பப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் படித்து வருகிறேன். கல்லூரி மாணவர்களுக்கு அவற்றை வரலாற்றுச் சான்றாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் ஒரு தயக்கம் இருக்கிறது. அந்தச் சிப்பாய்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அவர்கள் சொல்ல வேறொருவர் எழுதினார், படைப்பிரிவின் ஆங்கிலேய அதிகாரி அதைப் பார்வையிட்டார், பிறகு தணிக்கை அலுவலகம் பிரித்துப் படித்தது. இன்று நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அந்த அலுவலகம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்த பகுதிகளே. 1915 ஜனவரியில் காயமுற்ற ராஜபுத்திரச் சிப்பாய் ஒருவர் இங்கிலாந்திலிருந்து தம் உறவினருக்கு, இது போர் அன்று, உலகத்தின் முடிவு என்றும், மகாபாரதத்தில் சொல்லப்பட்ட போரைப் போன்றது என்றும் எழுதுகிறார். இத்தனை கைகள் மாறி வந்த பிறகு இதை அவருடைய குரல் என்று சொல்ல முடியுமா?

மறுமொழி: சுவடிக்கூடம்

உங்கள் தயக்கம் நியாயமானது. ஆயினும் அந்தத் தணிக்கை எதற்காக நடந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1914 செப்டம்பர் இறுதி முதல் லாகூர், மீரட் படைப்பிரிவுகள் மார்செய் துறைமுகத்தில் வந்து இறங்கின. ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து வெளிநாடுவாழ் இந்தியர் தொடங்கிய கதர் புரட்சி இயக்கத்தாரின் துண்டறிக்கைகள் அஞ்சல் வழியாகச் சிப்பாய்களை எட்டிவிடுமோ என்ற அச்சம் ஆட்சியாளர்களுக்கு இருந்ததால், இந்தியாவில் அரசுப் பணியில் இருந்த எவ்லின் ஹோவெல் தணிக்கைப் பொறுப்புக்கு அமர்த்தப்பட்டார். 1915 மார்ச் அளவில் பிரான்சிலிருந்து வாரத்துக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கடிதங்கள் வரை எழுதப்பட்டன. கையளவு ஆட்களே இருந்த அலுவலகம் அவற்றுள் மிகச் சிறிய பகுதியைத்தான் மொழிபெயர்த்து, வாரந்தோறும் அறிக்கையுடன் சேர்த்து மேலிடத்துக்கு அனுப்பியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சிப்பாய்களின் மனநிலை உண்மையில் எப்படி இருக்கிறது என்று அறிவதுதான் அந்த அறிக்கையின் பயன். ஆகவே மொழிபெயர்த்தவருக்குக் கடிதத்தை மெருகேற்றவோ துயரத்தைக் குறைத்துக் காட்டவோ பெரிய காரணம் இல்லை. கசப்பான வரிகளே அவர் தேடியவை. கடிதங்களில் கவிதை பெருகத் தொடங்கியதைக்கூட மனக்கலக்கத்தின் அறிகுறியாக ஹோவெல் குறித்து வைத்தார். நாம் ஐயப்பட வேண்டியது மொழிபெயர்ப்பைவிடத் தேர்வைத்தான். நிலத்தகராறு, கல்யாணச் செய்தி, பணம் வந்ததா என்ற விசாரிப்பு என்று எழுதப்பட்ட சாதாரணக் கடிதங்கள் அறிக்கைக்குள் குறைவாகவே நுழைந்திருக்கும்.

தங்கள் கடிதம் படிக்கப்படுகிறது என்பது சிப்பாய்களுக்கும் தெரியும். ஒருவர் எழுதுகிறார்: கருமிளகு தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பு மிளகு பயன்படுகிறது, ஆனால் கருமிளகுக்குள்ள காரம் சிவப்புக்கு இல்லை. கருமிளகு இந்தியப் படை, சிவப்பு ஆங்கிலேயப் படை. தணிக்கையாளர்கள் பொருளைப் புரிந்துகொண்டார்கள். புரிந்துகொண்டதால்தான் அந்த வரி நமக்குக் கிடைத்திருக்கிறது.

மறுமொழி: மேலமாசி

எழுதுபவரைப் பற்றி ஒரு சொல். படுக்கையில் கிடப்பவர் சொல்லச் சொல்லப் பக்கத்திலிருப்பவர் எழுதுவார். ஊரில் படிக்கத் தெரிந்த ஒருவர் அதை வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வாசித்துக் காட்டுவார். இரு முனையிலும் பலர் காதில் விழும் கடிதம் அது. மனைவிக்கு மட்டும் சொல்ல வேண்டியதை அதில் எதிர்பார்க்க முடியாது. பீரங்கிக் குண்டுமழையைக் கண்டிராத உறவினருக்கு அதை விளக்க மகாபாரதத்தைத் தவிர வேறு எந்த அளவுகோல் அந்தச் சிப்பாயிடம் இருந்திருக்கும்? ஆகவே அந்த ஒப்புமையை எழுத்தரின் அலங்காரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி: செம்புலம்

போரைப் பற்றி எழுதிய வரிகளைவிட, வீட்டாரிடம் கேட்ட பொருள்களிலும் சொன்ன அறிவுரைகளிலும்தான் அந்த மனிதர்கள் எனக்குத் தெளிவாகத் தெரிகிறார்கள். சிலர் ஊரிலிருந்து சேங்கொட்டை அனுப்பச் சொல்லி எழுதினார்கள். வண்ணார் துணிக்குக் குறியிடப் பயன்படுத்தும் கொட்டை; அதன் பால் பட்டால் தோல் கொப்பளித்துப் புண்ணாகும், கண்ணில் பட்டால் வீங்கிவிடும். இதைத் தன் உடம்பிலேயே தடவிக்கொண்டாவது பதுங்குகுழியிலிருந்து மீள ஒருவர் விரும்பினார் என்றால், அங்கிருந்த நிலைமையை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை. அலங்காரமாகச் சேங்கொட்டையை யாரும் கேட்பதில்லை என்பதால் இதை நான் மிக உறுதியான சான்றாகக் கருதுகிறேன்.

காரணமும் கடிதங்களிலேயே இருக்கிறது. காயம் ஆறியவர்களை மறுபடியும் போர்முனைக்கே அனுப்பினார்கள். ஒருமுறை காயப்பட்டால் ஊருக்குப் போகலாம் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது பேரிடி. 1915 மார்ச்சில் நடந்த நெவ் ஷப்பேல் சண்டையின் இழப்புக்குப் பிறகு, தம்பியைப் படையில் சேர விடாதீர்கள் என்ற வகையான வரிகளை மீண்டும் மீண்டும் காண்கிறோம். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் அரண்மனையில் அமைந்த மருத்துவமனையைச் சொர்க்கம் என்று புகழ்ந்த கடிதங்கள் உண்டு. அதே ஊரில் கிச்சனர் மருத்துவமனையில் இருந்தவர்களோ வெளியே செல்ல அனுமதியின்றிச் சிறைவாசம்போல் உணர்ந்தார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பொருநை வாசகர்

மிக்க நன்றி. சேங்கொட்டைக் கடிதங்கள் என் பாடத்தில் நிச்சயம் இடம்பெறும். மாணவர்கள் உடனே கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: இந்தத் தொகுப்பில் தமிழில் எழுதப்பட்டவை ஏன் கண்ணில் படவில்லை?

மறுமொழி: சுவடிக்கூடம்

ஆள்சேர்ப்புதான் காரணம். சில இனத்தாரே போருக்கு ஏற்றவர்கள் என்ற கொள்கையின்படி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சென்னை மாகாணத்துப் படைகளை ஆங்கிலேய அரசு குறைத்துக்கொண்டே வந்தது. பிரான்சுக்குச் சென்றவர்கள் பெரும்பாலும் பஞ்சாபியரும் பட்டாணியரும் கூர்க்காக்களும் கர்வாலியரும் ராஜபுத்திரரும் ஜாட்டுகளுமே. தமிழர் இருந்த படைகள் வேறு களங்களில் நின்றன: 63ஆம் பாளையங்கோட்டைப் படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் போரிட்டது, பொறியியல் பணி செய்யும் படையான மதராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்தவர்கள் மெசபொடேமியாவில் (இன்றைய இராக்) பணியாற்றினார்கள். பிரான்சின் அஞ்சலுக்காக அமைந்த தணிக்கை அறிக்கைகளில் அவர்களுடைய கடிதங்களைத் தேடுவது வீண்வேலை. ஊர்ப்புறத்துப் பழைய பெட்டிகளில் ஏதேனும் எஞ்சியிருந்தால்தான் உண்டு.

பாடத்துக்கு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1915 இறுதியில் காலாட்படை மெசபொடேமியாவுக்குப் போனபின், குதிரைப்படையினர் 1918 தொடக்கம் வரை பிரான்சிலேயே இருந்தார்கள். பிரெஞ்சு வீடுகளில் தங்கிய அவர்களில் சிலர், அந்த வீட்டு மூதாட்டி தங்களைப் பிள்ளைபோல் பார்த்துக்கொண்டதையும், பெண்கள் படித்திருப்பதையும், வயலில் தனியாக நின்று வேலை செய்வதையும் வியந்து எழுதி, நம் வீட்டுப் பெண்பிள்ளைகளையும் படிக்க வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கடிதங்களை 1915இல் எழுதப்பட்டவற்றுக்கு அடுத்ததாக வைத்து வாசிக்கச் செய்தால், ஆண்டுக்கு ஆண்டு பேச்சு எப்படி மாறுகிறது என்பதை மாணவர்களே கண்டுகொள்வார்கள்.