நோகோடசோல் கொடுத்தும் எம் நிலைச் செல்கள் குறைவு, ஏன்?

கேள்வி

ஹீலா செல்களை (கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்த ஆய்வகச் செல்கள்) எம் நிலையில், அதாவது செல் பிரியும் கட்டத்தில், நிறுத்த நோகோடசோல் மருந்து 100 நானோகிராம்/மில்லி, 24 மணி நேரம். பிறகு மீடியத்தை உறிஞ்சிவிட்டு, பிபிஎஸ் உப்புக் கரைசலில் இரண்டு முறை கழுவி, ஒட்டிய செல்களை விடுவிக்கும் டிரிப்சின் நொதி போட்டுச் சேகரிப்பு. புரோப்பிடியம் அயோடைடு (டிஎன்ஏ சாயம்) ஏற்றி ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டினால் 4என் சிகரம் (டிஎன்ஏ இரட்டித்த செல்கள்) உயரமாகவே வருகிறது. ஆனால் புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் சோதனையில் சைக்ளின் பி1 (எம் நிலையில் மிகுந்திருக்கும் புரதம்) மங்கல். கழுவும் முன் நுண்ணோக்கியில் பார்த்தாலும் உருண்டைச் செல்கள் கால்வாசிகூட இல்லை. மருந்து கெட்டுவிட்டதா?

பதில் 1

கெட்டிருந்தால் 4என் சிகரம் எழுந்தே இருக்காது. முதல் தவறு கழுவுவதில். எம் நிலையில் செல் உருண்டு, தட்டின் மீதுள்ள பிடியை விட்டுவிடும். நீங்கள் உறிஞ்சி வெளியே ஊற்றியது நீங்கள் தேடும் செல்களைத்தான். தட்டைப் பக்கவாட்டில் நாலைந்து முறை தட்டி, மீடியத்தைக் குழாயில் பிடித்து, 300 ஜி-யில் 5 நிமிடம் சுழற்றுங்கள். ஒட்டியே இருப்பவற்றை டிரிப்சினில் எடுத்து வேறு குழாயில் வையுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம்.

பதில் 2

அது சரி, ஆனால் கழுவும் முன்பே உருண்டைகள் குறைவு என்கிறாரே. 24 மணி நேரம்தான் வினை.

நோகோடசோல் நுண்குழல்களைக் கலைக்கிறது. நுண்குழல் பிடிக்காத கைனிட்டோகோர்களில் (குரோமோசோமில் நுண்குழல் பற்றும் இடங்கள்) உருவாகும் மேட்2, பப்ஆர்1 புரதக் கூட்டு, சிடிசி20 என்ற புரதத்தைக் கட்டிப்போடுகிறது. சிடிசி20 இல்லாமல், சைக்ளினை அழிவுக்குக் குறிக்கும் ஏபிசி/சி நொதி வேலை செய்யாது, சைக்ளின் பி1 அழியாது. ஆனால் இந்தப் பூட்டு முழுக்க இறுக்கமானதல்ல. சைக்ளின் பி1 சொட்டுச் சொட்டாக அழிந்துகொண்டே இருக்கும். சைக்ளின் பி1 இயக்கும் சிடிகே1 நொதியின் செயல்பாடு ஒரு வரம்புக்குக் கீழே போனதும் செல் பிரியாமலே எம் நிலையை விட்டு நழுவும். டிஎன்ஏ அளவு 4என். சுழற்சியில் அதன் இடமோ ஜி1 (பிரிந்து முடித்த செல்லின் கட்டம்). சிகரம் உயரம், சைக்ளின் மங்கல் என்ற முரண் அங்கிருந்துதான் வருகிறது. (ஹீலாவில் குரோமோசோம் 46 கிடையாது; 4என் என்பது பேச்சுக்குத்தான்.)

கேள்வி கேட்டவர்

அப்படியானால் ஜி2 (டிஎன்ஏ இரட்டித்து, பிரியக் காத்திருப்பவை), எம், நழுவியவை மூன்றும் ஒரே சிகரத்தில் விழுமே. எப்படிப் பிரிப்பது?

பதில் 2

டிஎன்ஏ சாயம் மட்டும் போதாது. செரின்10-இல் பாஸ்பேட் ஏறிய ஹிஸ்டோன் எச்3-க்கும் சைக்ளின் பி1-க்கும் ஆன்டிபாடி போடுங்கள். எம் நிலையில் இரண்டும் ஏறும். ஜி2-வில் சைக்ளின் உண்டு, பாஸ்பேட் ஏறிய எச்3 பெரும்பாலும் இல்லை. நழுவியதில் இரண்டும் இல்லை. டாபி (கருவைக் காட்டும் சாயம்) போட்டால் அதன் கரு திராட்சைக் குலைபோலச் சிதறித் தெரியும்.

ஹீலாவில் உள்ள எச்பிவி வைரசின் இ6 புரதம், செல்லைத் தடுத்து நிறுத்தும் பி53 புரதத்தை அழிப்பதால் நழுவிய செல் அங்கே நிற்காமல் மறுபடி டிஎன்ஏ-வை இரட்டிப்பாக்கி 8என்-க்குப் போகலாம். வரைபடத்தின் அச்சு 4என்-உடன் முடிந்தால் இது கண்ணில் படாது. கருவியின் மின்னழுத்தத்தைக் குறைத்து இடம் விடுங்கள்.

பதில் 3

ஒட்டிக்கொண்ட இரண்டு ஜி1 செல்களும் 4என் ஆகவே பதிவாகும். ஒளித்துடிப்பின் பரப்பு, அகலம் இரண்டையும் எதிரெதிரே வரைந்து அவற்றைக் கழித்துவிடுங்கள். சாயத்தோடு ஆர்என்ஏ-வை அழிக்கும் ஆர்என்ஏஸ் நொதியைச் சேர்க்கத் தவறினால் சிகரங்கள் அகன்று ஒன்றோடொன்று கலந்துவிடும். எத்தனாலைச் செல் மீது மொத்தமாகக் கொட்டினாலும் கட்டி கட்டும். குழாயைச் சுழல விட்டபடி, குளிர்ந்த 70% எத்தனாலைத் துளித்துளியாக விடுங்கள்.

24 மணி நேரச் சிக்கலுக்கு: தைமிடின் (டிஎன்ஏ இரட்டிப்பை நிறுத்துவது) 2 மில்லிமோலார் 24 மணி நேரம், கழுவி 3 மணி நேரம் விடுதலை, பிறகு நோகோடசோல் 12 மணி நேரம். செல்கள் ஏறக்குறைய ஒன்றாக எம் நிலைக்கு வருவதால் எதுவும் அங்கே நெடுநேரம் காத்திருக்காது. தைமிடினை ஒரு முறை கழுவினால் போதாது, மூன்று முறை, 37 டிகிரி மீடியத்தில்.